பதினாறா, பன்னிரண்டா? கேடிலாக் வி-16, பேக்கார்ட் ட்வெல்வ்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1930களின் அமெரிக்க ஆடம்பரக் காரான கேடிலாக் வி-16இன் எஞ்சினில் ஒரு பக்கத்து எட்டு சிலிண்டரும் வேலை செய்யாமல் கிடந்தாலும், வண்டி ஐடிலிங்கில் சமர்த்தாக நிற்கும். மிஸ்ஸிங் சத்தம் இருக்காது, குலுங்காது. ஒவ்வொரு பக்கமும் தனிக் கார்புரேட்டர், தனிக் காயில், தனிப் புகைக்குழாய் கொண்ட முழு எட்டு சிலிண்டர் எஞ்சின். ஒன்று படுத்தால் இன்னொன்று இழுத்துக்கொண்டு போகும். விற்பவர் எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து காட்டியதும் அந்த அமைதியில் மயங்கிக் கையெழுத்துப் போட்டவர், முதல் மேட்டில்தான் பாதி எஞ்சினை வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார்.

அதே காலத்து இன்னொரு அமெரிக்க ஆடம்பரக் காரான பேக்கார்ட் ட்வெல்வ் இப்படி ஏமாற்றாது. ஒரே கார்புரேட்டர், பன்னிரண்டு சிலிண்டர். ஒன்று விட்டாலும் காதில் விழும். அதற்கு வேறு இடத்தில் கள்ளம் உண்டு: வண்டி எதுவாகப் பிறந்தது என்பதற்கான சாட்சியில். இரண்டையும் ஒப்பிடும்போது எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைசக்தி என்று பார்ப்பதைவிட, எது எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் காசைக் காப்பாற்றும்.

முதலில் வந்தது கேடிலாக். 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. 1930 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் வி-16 மேடையேறியது. இதைவிட மோசமான நேரம் ஒரு கம்பெனிக்கு அமையாது. ஓவன் நாக்கர் வடிவமைத்த எஞ்சின் அது: கொள்ளளவு 452 கன அங்குலம், 165 குதிரைசக்தி. விலை 5,350 டாலரில் தொடங்கியது. முதல் அலையில் கையில் பணம் மிச்சமிருந்தவர்கள் வாங்கினார்கள். 1930, 31 மாடல்களின் எஞ்சின் எண்கள் 700001இல் தொடங்கி 703251இல் முடிகின்றன. அதாவது 3,251 வண்டி. அதற்கு அடுத்த 1932இல் வெறும் 300. 1934 முதல் 37 வரை வருடத்துக்கு ஐம்பதை ஒட்டித்தான்.

பேக்கார்ட் பதினாறுக்குப் போகவில்லை. முன்சக்கர இழுவைக் கார் ஒன்றுக்காக கார்னீலியஸ் வான் ரான்ஸ்ட் வடிவமைத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் கம்பெனியில் இருந்தது. அந்தக் கார்த் திட்டம் கைவிடப்பட, எஞ்சினை வளர்த்துத் தன் பெரிய ஷாஸியில் (வண்டியின் அடிச்சட்டம்) ஏற்றி 1932இல் வெளியிட்டது. முதல் வருடம் பெயர் ட்வின் சிக்ஸ்; 1915இல் வந்த தன் பழைய பன்னிரண்டு சிலிண்டர் வண்டியின் பெயரையே மறுபடி எடுத்துக்கொண்டது. 1933 முதல் ட்வெல்வ். 445 கன அங்குலம், 160 குதிரைசக்தி. 1935இல் ஸ்ட்ரோக்கை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் தூரத்தை, கால் அங்குலம் கூட்டி 473 கன அங்குலம், 175 குதிரைசக்தி ஆக்கினார்கள். ட்வின் சிக்ஸையும் சேர்த்து 1939 வரை செய்தது 5,744.

காகிதத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. பானெட்டைத் திறந்தால் உறவே தெரியாது.

கேடிலாக் எஞ்சினின் இரு பக்கங்களுக்கும் நடுவே 45 டிகிரி. பதினாறு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் 720ஐப் பதினாறால் வகுத்தால் வருவதும் அதே 45. ஒவ்வொரு 45 டிகிரிக்கும் ஒரு வெடிப்பு. இடைவெளி பிசகுவதே இல்லை. வால்வு மேலே, ஹெட்டில். கார்புரேட்டர், மேனிஃபோல்டு எல்லாம் வெளிப்பக்கம் கீழே போய்விட, மேலே தெரிவது வரிவரியான வால்வு மூடிகளும் கறுப்பு எனாமலும் பளபளப்பும் மட்டும். ஒயர்கள் கண்ணில் படாமல் மறைத்தார்கள். காயில் இரண்டையும் கொண்டுபோய் ரேடியேட்டரின் மேல்தொட்டியில் குழி வைத்துச் செருகினார்கள்! பார்க்க அழகுதான். சூடாகும் இடத்தில் காயிலை வைப்பது வேறு விஷயம். சூட்டில் நின்றுவிட்டு ஆறியதும் கிளம்புகிற வி-16 வந்தால் முதலில் அங்கே கை வையுங்கள்.

பேக்கார்டில் கோணம் 67 டிகிரி. அறுபது வைத்திருந்தால் கணக்கு நேராக வந்திருக்கும். 67 வைத்ததால் வெடிப்புகளுக்கு இடையே 67, 53 என்று மாறிமாறி வருகிறது. ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கில், இரு பக்கங்களுக்கும் நடுவே கிட்டத்தட்டப் படுத்த வாக்கில். மேலே ஒரு ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர், அதன்மேல் காற்று வடிகட்டி. பார்த்தால் எந்தப் படாடோபமும் இல்லாத எஞ்சின். கண்காட்சியில் கூட்டம் கேடிலாக் பக்கம்தான் நிற்கும். நெடும்பயணம் முடித்துத் திரும்பும் வரிசையில் பேக்கார்டுக்குக் குறைவிருக்காது.

எஞ்சினைச் சோதிக்கும் விதம்

வி-16க்கு: எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போதே போங்கள். "நீங்க வருவீங்கன்னு சூடு பண்ணி வச்சேன்" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஸ்டார்ட் ஆன இரண்டாவது நிமிடத்தில் வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் கருவியை மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயருகேயும் காட்டுங்கள். ஒரு பக்கம் முழுதும் குளிர்ந்திருந்தால் கார்புரேட்டரோ காயிலோ பாயிண்டோ (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் தொடுமுனை) செத்திருக்கிறது. தனியாக ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் பிளக் அல்லது வால்வு. பிறகு ஒரு பக்கத்துக் காயில் ஒயரை எடுத்துவிட்டு மறுபக்கத்தில் மட்டும் ஓடவிடுங்கள். அடுத்து மாற்றிச் செய்யுங்கள். இரண்டு தடவையும் வேகம் ஏறக்குறைய ஒரே அளவு இறங்க வேண்டும். கடைசியாகப் பதினாறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுங்கள். எண் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, அந்தக் கால எஞ்சின் அழுத்தமே குறைவு. ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கார்புரேட்டர் உடம்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்தக் காலத்து வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும், உலோகம் உள்ளேயிருந்தே அரித்து, உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி கையில் பொடியும். வெளியே நிக்கல் பூச்சில் நூல் மாதிரி விரிசல், சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். வளைந்துபோன கார்புரேட்டரின் மட்டத்தை இழைத்துச் சரிசெய்யலாம். உப்பியதைச் சரிசெய்ய முடியாது, புது வார்ப்புத்தான். வி-16இல் அது இரண்டு மடங்குச் செலவு. கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், டேஷ்போர்டுத் துண்டுகள் என இதே வியாதி பேக்கார்டிலும் உண்டு.

வால்வுச் சத்தத்தை அடக்க இரண்டு கம்பெனிகளும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பை வைத்தன. 1930இல் அது பெரிய விஷயம். தொண்ணூறு வருடம் கழித்து அதுதான் தலைவலி. வருடக்கணக்காக நின்ற எஞ்சினில் எண்ணெய் கசடாகி அந்தச் சின்னப் பிளஞ்சர்கள் ஒட்டிக்கொள்ளும்; தட்டல் கேட்கும். உடனே நல்ல புதிய டிட்டர்ஜெண்ட் எண்ணெய் ஊற்றினால் சரியாகும் என்று நினைப்பது தவறு. அது அடியில் படிந்திருந்த கசடையெல்லாம் ஒரே நாளில் கரைத்து எண்ணெய்ப் பாதைகளுக்குள் அனுப்பும். தட்டல் போகும், கூடவே பேரிங்கும் போகும். முறை இது: எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி, வலையைக் கழுவி, பிளஞ்சர்களை எடுத்துச் சுத்தம் செய்து, பிறகு எண்ணெய். முதல் 500 மைலுக்குள் இரண்டு தடவை மாற்றிவிட வேண்டும்.

பேக்கார்டில் கவனம் ஹெட் பக்கம். 1935 முதலான 473 எஞ்சினில் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு, பிடித்திருப்பது எஃகு ஸ்டட் (பிளாக்கில் நட்டிருக்கும் தலையில்லாத போல்ட்). நடுவே தண்ணீர். பேட்டரிக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கே இருக்கிறது. அரிப்பு வராமல் என்ன செய்யும்? ஸ்டட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா, நட்டுக்கு அடியில் தண்ணீர் கசிந்த கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஹெட்டைக் கழற்றுவதே ஒரு திட்டம். ஸ்டட்டும் ஹெட்டும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். திருப்புளியை நுழைத்து நெம்பினால் அலுமினியம் பெயர்ந்து வரும், ஹெட் வராது. துரு இளக்கும் திரவத்தை நாள்கணக்கில் ஊற்றி, ஸ்டட்டைச் சுற்றி மெல்லிய குழாய் ரம்பத்தால் அறுத்து, ஜாக் போல்ட்டால் சீராகத் தூக்க வேண்டும். கழற்றிய பின் தண்ணீர்த் துளைகளின் ஓரம் கரைந்திருந்தால் வெல்டிங் நிரப்பி மட்டம் தட்ட வேண்டும். மாட்டிய பிறகு, சூடாகி ஆறியதும் இரண்டு மூன்று முறை மறுபடி இறுக்குவது கட்டாயம். அரிப்புத் தடுப்பு கலந்த கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடிய அலுமினிய ஹெட்டை நம்பக்கூடாது.

அரைமணி நேரம் சாலையில் ஓட்டிப் பார்க்காமல் இரண்டில் எதையும் வாங்காதீர்கள். பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில், முக்கியமாகப் பின்கோடியில், துருவும் வார்ப்பு மணலும் சேறாகப் படிந்திருக்கும். ஐந்து நிமிட ஐடிலிங்கில் இது தெரியாது. மேட்டில் ஏறும்போது தெரியும். இந்த நோய்க்குப் பெரிய ரேடியேட்டர் மருந்தல்ல. பிளாக் பக்கத்து மூடிகளைத் திறந்து கையால் தோண்டி எடுப்பதுதான் மருந்து.

வண்டி எதுவாகப் பிறந்தது?

ஒரே ஷாஸியில் ஏழு பேர் உட்காரும் மூடிய லிமோசினும் வந்தது, இரண்டு பேர் உட்காரும் ரோட்ஸ்டரும் வந்தது. இன்று இரண்டின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் லிமோசின் உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திறந்த உடம்பை ஏற்றும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வேலை நேர்த்தியாக இருக்கலாம். ரோட்ஸ்டராகப் பிறந்ததற்கு நிகரான விலை அதற்குக் கிடையாது.

இங்கேதான் கேடிலாக் வாங்குபவர் மூச்சுவிடலாம். தொழிற்சாலைப் பதிவுத் தாள்கள் ஜெனரல் மோட்டார்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன; எஞ்சின் எண்ணைக் கொடுத்துப் பிரதி பெறலாம். எந்த உடம்பு, என்ன நிறம், எந்த ஊர் டீலருக்குப் போனது என்பது அதில் இருக்கும். எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டில் உடம்பு செய்த ஃப்ளீட்வுட் பட்டறையின் ஸ்டைல் எண் பொறித்த பட்டை இருக்கும். தாளும் பட்டையும் ஒத்துப்போக வேண்டும். மெல்லிய சாய்ந்த கண்ணாடித் தூண்கள் கொண்ட வண்டி எதைக் கண்டாலும் 'மேடம் எக்ஸ்' (ஃப்ளீட்வுட் செய்த தனி வகை உடம்பு) என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. 41இல் தொடங்கும் ஸ்டைல் எண் இருக்கிறதா என்று கேளுங்கள், பேச்சு அடங்கும். வி-16 உடம்புகளில் மிகப் பெரும்பாலானவை ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தப் பட்டறைகளான ஃப்ளீட்வுட், ஃபிஷர் இரண்டில் செய்தவை. ஓர்ச்சா மகாராஜாவுக்காக இத்தாலியின் பினின் ஃபரீனா 1931இல் செய்த ரோட்ஸ்டர் போன்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பேக்கார்டில் இந்த வசதி இல்லை. பெரும்பாலான போருக்கு முந்தைய வண்டிகளுக்குத் தொழிற்சாலைத் தாள் மிஞ்சவில்லை. சாட்சி உலோகம் மட்டும். தடுப்புத் தகட்டில் உள்ள பட்டையில் வண்டி எண், விற்ற டீலரின் ஊர், கொடுத்த தேதி மூன்றும் அச்சிட்டிருக்கும். வண்டி எண்ணில் கோட்டுக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கம் உடம்பு வகை, பின்னால் உள்ளது வரிசை. உதாரணமாக 1934இன் 1107 ஷாஸியில் 739 என்றால் கூபே ரோட்ஸ்டர். பட்டையில் செடான் எண்ணும், மேலே ரோட்ஸ்டர் உடம்பும் இருந்தால் கதை புரிந்துவிடும். பட்டையே புத்தம்புதிதாகப் பளபளத்தால் இன்னும் நன்றாகப் புரியும். அந்தப் பட்டையின் நகல் செய்வது கஷ்டமான வேலை இல்லை. அதனால் ரிவிட்டைப் பாருங்கள், அதன் அடியில் பெயிண்ட் எத்தனை அடுக்கு என்று பாருங்கள், பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண் அந்த வருட வரிசைக்குள் வருகிறதா பாருங்கள். பழைய உரிமைப் பத்திரம், நாற்பதுகளின் புகைப்படம் ஒன்று கிடைத்தால் பேக்கார்டில் அது பொன்.

ஒரு சின்னக் குழப்பம்: பேக்கார்ட் வருடக் கணக்கில் மாடல் சொல்லாது, சீரிஸ் என்று சொல்லும். 1935 பன்னிரண்டாவது சீரிஸ், 1936 பதினான்காவது. பதின்மூன்று என்ற எண்ணுக்குப் பயந்து தாண்டிவிட்டார்கள். 1936 வண்டிக்குப் 'பதின்மூன்றாவது சீரிஸ்' உதிரிபாகம் இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மரமும் ஒயரும்

இரண்டின் உடம்பும் வெளியே தகடு, உள்ளே ஆஷ் மரச் சட்டம். கதவைத் திறந்து பூட்டுப் பக்க ஓரத்தைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் பரவாயில்லை. தூணே கூட வந்தால் மரம் உளுத்துவிட்டது. கதவை மூடும்போது தானாகத் தூக்கிக்கொண்டு ஏறி மாட்டினாலும் அதே கதைதான். கதவின் அடிப்பக்கம், பின்சக்கர வளைவு, துணிக்கூரை ஆணி அடிக்கும் மரம் மூன்று இடத்திலும் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். முழு உடம்புக்கும் புது மரம் போடும் கூலி, எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கோக்கும் கூலியைத் தாண்டிப் போவது சாதாரணம். அதிகம் பேர் எஞ்சினைப் பார்த்துவிட்டு மரத்தைப் பார்ப்பதில்லை.

பேக்கார்டில் 1937க்கு முந்தைய வண்டிகளில் பிஜூர் என்ற எண்ணெய் ஊட்டும் அமைப்பு இருக்கிறது. ஒரே தொட்டியிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியே ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள், முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போகும். ஒவ்வொரு முனையிலும் சொட்டு அளக்கும் அடைப்பான். அது அடைத்துக்கொண்டால் அந்த இடம் ஈரமே பார்க்காது. கிங்பின் தேய்ந்து ஸ்டியரிங் கனக்கும். ஷாஸிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு முனையும் ஈரமாக இருக்கிறதா பாருங்கள். இந்த அமைப்பில் கிரீஸ் கூடாது. கிரீஸ் கன் பிடித்து அடித்த வண்டி என்றால் குழாய் முழுக்க மாற்ற வேண்டியிருக்கும். பேக்கார்டின் பின் அச்சில் ஹைப்பாய்டு பல்லும் (மையத்தைவிட்டு விலகி இணையும் சாய்பல் சக்கரம்) உண்டு, 1926 முதலே. அதற்கு ஹைப்பாய்டு எண்ணெய் வேண்டும். அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிட்டால் வெண்கலச் சாமான்கள் மெல்ல அரிபடும்.

இரண்டும் 6 வோல்ட். சூடான எஞ்சினை ஸ்டார்ட்டர் முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் கேபிளில். பாதி வோல்ட் என்றால் இரட்டை ஆம்பியர் போக வேண்டும். இன்றைய 12 வோல்ட் கார்க் கேபிள் போதாது. 00 அளவுக் கேபிளும் சுரண்டிச் சுத்தம் செய்த எர்த் இணைப்பும் போட்டாலே பலபேர் பிரச்சினை தீர்ந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு தொல்லை: ஷெல்லாக் பூசிய தக்கை மிதவையின் பூச்சைக் கரைத்துவிடும், மிதவை முழுகும், கார்புரேட்டர் வழியும்.

சாலையில் எப்படி? இரண்டு டன்னைத் தாண்டும் எடை இரண்டுக்கும். கேடிலாக் வி-16இன் வழக்கமான பின் அச்சு விகிதம் 4.39. டயர் சுமார் 32 அங்குல விட்டம் என்று வைத்தால் ஒரு மைலுக்குச் சக்கரம் 630 சுற்று; மணிக்கு 60 மைலில் எஞ்சின் சுமார் 2,770 சுற்று. முழுச் சக்தியே 3,400இல்தான் வரும் நீள ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது நாள் முழுக்கத் தாங்கும் வேகமல்ல. 50ஐ ஒட்டி ஓட்டுவதே மரியாதை. வேகமாகப் போக வேண்டுமென்றால் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) போடுங்கள், ஆனால் பழைய பாகத்தை எறியாதீர்கள். பிரேக்கில் பேக்கார்ட் ஒரு படி மேல்: 1933 முதல் வெற்றிட உதவியின் அழுத்தத்தை ஓட்டுபவரே டேஷ்போர்டிலிருந்து நாலு நிலையில் மாற்றலாம். ஈரச் சாலைக்குக் குறைத்துக்கொள்ளலாம். கம்பிகளும் மூட்டுகளும் தேயாமல் இருந்தால், இயந்திரப் பிரேக் என்பதை மறக்கும் அளவுக்கு நிற்கும்.

எனில் எதை வாங்குவது? நிறுத்தி வைத்துப் பார்க்க, காகிதத்தோடு நிரூபிக்க, பரிசு மேடைக்குக் கொண்டுபோக: 1930, 31 வி-16. எண்ணிக்கை அதிகம் என்பதால் உதிரிபாகமும் அறிந்தவர்களும் ஓரளவு கிடைப்பார்கள். 1934 பேக்கார்ட் ட்வெல்வ் அழகில் அதற்கு இளைத்ததல்ல. அந்த வருடம் செய்தது 960.

ஓட்டத்தான் வேண்டும் என்பவருக்குப் பதில் வேறு. சேகரிப்பவர்கள் அதிகம் திரும்பிப் பார்க்காத கடைசி வருட வண்டிகள்தான் இரண்டிலும் சிறந்த வாகனங்கள். 1937 பேக்கார்ட் ட்வெல்வில் ஹைட்ராலிக் பிரேக், தனித்தனியாக அசையும் முன்சக்கரம் இரண்டும் வந்துவிட்டன. செய்தது 1,300, ட்வெல்வ் வரலாற்றிலேயே அதிகம் விற்ற வருடம். ஆனால் முகம் கம்பெனியின் மலிவான வண்டியை நினைவூட்டுகிறது என்று பலருக்கு மனம் ஒப்பாது. அமெரிக்கக் கிளாசிக் கார் கிளப் ட்வெல்வ், வி-16 அனைத்தையும் முழுக் கிளாசிக் என்றே ஏற்கிறது. அங்கே முகத்துக்குத் தடையில்லை.

கேடிலாக்கில் 1938 முதல் 40 வரை வந்தது முற்றிலும் வேறு வி-16. கோணம் 135 டிகிரி, வால்வு பிளாக்கிலேயே, 431 கன அங்குலம், சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் ஒரே மூன்றேகால் அங்குலம். பழைய எஞ்சினில் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் ஐந்து, இதில் ஒன்பது. 185 குதிரைசக்தி. பழையதன் அழகு கொஞ்சமும் இல்லை. பானெட்டைத் திறந்தால் தட்டையாக ஏதோ பம்ப் செட் மாதிரி கிடக்கும். நீளமான ஸ்ட்ரோக் இல்லாததால் நெடுஞ்சாலையில் பதறாமல் ஓடும். உடம்பு அதே கம்பெனியின் 75 சீரிஸ் வி-8 வண்டியோடு பொது. கண்ணாடி, கதவுப் பூட்டு, கைப்பிடி எல்லாம் அங்கேயிருந்து எடுத்து மாட்டலாம். எஞ்சின் சாமான் மட்டும் அப்படிக் கிடைக்காது. டிஸ்ட்ரிபியூட்டர், தண்ணீர் பம்ப், கார்புரேட்டர் எல்லாமே இரண்டிரண்டு. வாங்கும்போது டிக்கியில் உபரி எஞ்சின் சாமான் ஏதாவது கிடந்தால், அதையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.